பி.சி.டி. வாங்கும் முன் இடுப்பு ஈயத்தை எண்ணிப் பாருங்கள்

முதல் பத்து ஸ்கூபா டைவில் நாம் எல்லோரும் கடல்குதிரைதான். தலை மேலே, கால் கீழே, நின்றவாக்கில் தண்ணீருக்குள் நகர்வோம். ஃபின் மணலைக் கிளறிப் பின்னால் வருகிறவர் கண்ணை மறைக்கும். இடது கை, பி.சி.டி. என்ற காற்றடைக்கும் ஜாக்கெட்டின் இன்ஃபிளேட்டர் பொத்தானை விடவே விடாது. ஓர் அமுக்கு அமுக்கினால் மேலே கிளம்புவோம்; பதறிப்போய்க் காற்றை விட்டால் தொப்பென்று தரை தட்டுவோம். அரை மணியில் சிலிண்டர் காலி. படகில் ஏறி ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, "வாடகை ஜாக்கெட் சரியில்லை, சொந்தமா ஒண்ணு வாங்கிடணும்" என்று தீர்மானம் போடுவோம்.

நானும் போட்டேன். வாங்கினேன். யாரோ பயன்படுத்திய ஜாக்கெட், இணையத்தில் கிடைத்தது. என் உடம்புக்கு 'மீடியம்' போதும், வந்ததோ 'லார்ஜ்'. ஆறு பைகள், எட்டு வளையங்கள், பார்க்கவே கம்பீரமாக இருந்தது. தண்ணீரில் அது ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். அடுத்த சீசனில் ஓர் இன்ஸ்ட்ரக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அமிழ்வதற்காக நான் இடுப்பில் கட்டியிருந்த ஈயத்தில் நான்கு கிலோவைக் கழற்றிப் படகில் வைத்தார். அதே ஜாக்கெட், அதே கடல். அன்றுதான் முதன்முதலாக நான் படுத்தவாக்கில் நீந்தினேன். ஜாக்கெட்டின் தலையில் நான் போட்ட பழியில் பாதிக்குமேல் ஈயத்துக்குச் சேர வேண்டியது.

அதனால் இந்த வழிகாட்டி கடையில் தொடங்காது. ஈயக்கட்டியில் தொடங்கி, கணக்குப் போட்டு, அதற்குப் பிறகுதான் கடைக்குப் போகும்.

அந்தச் சட்டைக்கு என்ன வேலை

மிதப்புச் சட்டை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். படகில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பி.சி.டி.தான் (Buoyancy Control Device). காற்றடைக்க ஒரு பை, சிலிண்டரைக் கட்ட ஒரு முதுகுப்பட்டை, உடம்போடு சேர்த்துக் கட்ட வார்கள். அவ்வளவுதான் அது.

இப்படி ஒன்று இல்லாமலே மனிதர்கள் நெடுங்காலம் கடலடிக்குப் போய் வந்திருக்கிறார்கள். தூத்துக்குடியிலும் மன்னாரிலும் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து இறங்கினார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள், தோணியில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். இறங்கும்போது கனம் வேண்டும், அடியில் வேண்டாம் என்ற சிக்கலை ஒரு கயிறு தீர்த்தது. 1943-இல் கூஸ்டோவும் கன்யானும் அக்வாலங் என்ற மூச்சுக்கருவியை உருவாக்கிய பிறகும்கூட, தொடக்கக் காலத்து ஸ்கூபாக்காரர்களிடம் மிதப்புப் பை இல்லை. ஈயத்தைத் துல்லியமாகக் கட்டிக்கொண்டு, மிச்சத்தை மூச்சாலும் காலாலும் சமாளித்தார்கள். பிரான்சின் மோரிஸ் ஃபென்சி, கழுத்தில் மாட்டும் காற்றுப்பைக்கு 1961-இல் காப்புரிமை வாங்கினார். கையில்லாத சட்டை வடிவம் 1970களில் பரவியது.

பி.சி.டி. ஈடுகட்ட வேண்டியவை இரண்டே இரண்டு.

ஒன்று, சிலிண்டரில் உள்ள காற்றின் எடை. காற்றுக்கு எடையா என்று கேட்காதீர்கள். நம் ஊர் டைவ் மையங்களில் பெரும்பாலும் கிடைக்கும் 'அலுமினியம் 80' சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 207 பார் அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்று மட்டுமே ஏறக்குறைய 2.7 கிலோ. நிரம்பியிருக்கும்போது முக்கால் கிலோ அளவுக்குக் கடலில் அமிழும் அந்தச் சிலிண்டர், காலியானால் இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கும். டைவின் முடிவில் பின்பக்கம் மேலே தூக்குவது போல் உங்களுக்குத் தோன்றினால் அது பிரமை அல்ல.

இரண்டு, வெட்சூட் என்ற ரப்பர் உடை. அந்த ரப்பருக்குள் நுண்ணிய காற்றுக்குமிழ்கள் இருக்கின்றன. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகும், 20 மீட்டரில் மும்மடங்கு. குமிழ்கள் நசுங்கி, மேலே மிதக்க வைத்த சூட் கீழே உதவிக்கு வராது.

இந்த இரண்டு மாற்றத்தையும் சரிக்கட்ட எவ்வளவு காற்று வேண்டுமோ அதுவே பி.சி.டி.க்குள் இருக்க வேண்டிய அளவு. அதற்குமேல் நாம் உள்ளே அடைக்கும் ஒவ்வொரு லிட்டரும், தேவையில்லாமல் கட்டிக்கொண்ட ஒரு கிலோ ஈயத்துக்குக் கட்டும் வட்டி. அந்தக் காற்று சும்மாவும் இருக்காது: மேலே ஏற ஏற விரியும், இறங்க இறங்கச் சுருங்கும். பையில் எவ்வளவு அதிகமாகக் காற்று இருக்கிறதோ அவ்வளவு வேகமாக உங்கள் மிதப்பு மாறும். 5 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் அது ஒன்றரை மடங்காகும். மேலே வரும் முன் 5 மீட்டரில் செய்யும் கடைசி மூன்று நிமிட நிறுத்தத்தில் புதியவர்கள் பந்து போலக் கிளம்பிவிடுவதன் காரணம் இதுதான்.

முதல் வேலை: எடைச் சோதனை

வாடகைக் கருவிகளோடே செய்யலாம், செலவில்லை. டைவ் முடிந்து மேலே வந்ததும், படகு வரும்வரை சும்மா மிதக்காமல், வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள்.

சிலிண்டரில் 50 பார் அளவு காற்று மீதம் இருக்க வேண்டும். மூச்சு இழுக்கும் ரெகுலேட்டர் வாயில் இருக்கட்டும். பி.சி.டி.யில் உள்ள காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். காலை அசைக்காமல், இயல்பான ஒரு மூச்சை இழுத்து நிறுத்துங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நின்றால் ஈயம் சரி. மூச்சை விட்டதும் மெதுவாக அமிழ வேண்டும். கழுத்துவரை மேலே நின்றால் ஈயம் போதாது. மூச்சு நிறைய இருந்தும் கல் போல அமிழ்ந்தால் அதிகம். ஒவ்வொரு கிலோவாகக் குறைத்துப் பாருங்கள். டைவுக்கு முன் நிரம்பிய சிலிண்டரோடு செய்தால், முடிவில் தீரப்போகும் காற்றுக்காக இரண்டு கிலோ கூட்டிக்கொள்ள வேண்டும்.

கால் அசைகிறதா என்று கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பயத்தில் நம் கால் நமக்குத் தெரியாமலே உதைக்கும். உதைக்கும் கால் நம்மை மேலே தள்ளும். உடனே "நான் அமிழவே மாட்டேங்கிறேன், இன்னும் ரெண்டு கிலோ குடுங்க" என்போம். கூட்டத்தைச் சீக்கிரம் இறக்க வேண்டிய அவசரத்தில் படகில் இருப்பவரும் கொடுத்துவிடுவார். கடல்குதிரைகள் இப்படித்தான் உருவாகின்றன.

நீச்சல்குளத்தில் கிடைத்த எண்ணிக்கை கடலுக்கு ஆகாது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி. உடம்பும் கருவியுமாக 90 கிலோ என்றால், குளத்தில் சரியாக இருந்ததற்குமேல் கடலில் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாக ஈயம் வேண்டும். எந்த சூட், எந்த சிலிண்டர், எத்தனை கிலோ, முடிவில் எப்படி இருந்தது என்பதை லாக் புத்தகத்தில் எழுதுங்கள். மீன் பெயர்களை அப்புறம் எழுதலாம்.

இரண்டாவது வேலை: எவ்வளவு தூக்கும் திறன் வேண்டும்

பி.சி.டி.யின் மேல் 'லிஃப்ட்' என்று ஓர் எண் இருக்கும். ஐரோப்பியப் பொருட்களில் நியூட்டன், அமெரிக்கப் பொருட்களில் பவுண்டு. 100 நியூட்டன் என்றால் 10 கிலோ, 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ என்று நினைவில் வைத்தால் கடையில் தடுமாற மாட்டீர்கள்.

இந்த எண் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுபது கிலோ ஆள், மூன்று மில்லிமீட்டர் முழுச் சூட், அலுமினியம் 80, ஐந்து கிலோ ஈயம். ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் அந்தமான் தண்ணீருக்கு இது தாராளம். டைவின் தொடக்கத்தில் காற்றின் கூடுதல் எடை இரண்டு கிலோ. 20 மீட்டரில் சூட் இழக்கும் மிதப்பு ஒன்றரை கிலோ. கணக்கில் பிசகி ஒரு கிலோ ஈயம் அதிகம் என்றே வைப்போம். மொத்தம் நாலரை. மேற்பரப்பில் தலையைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருக்க இன்னொரு நான்கு கிலோ. ஆக, எட்டரை.

இன்னொரு கணக்கும் உண்டு; பலர் இதை மறந்துவிடுகிறார்கள். படகுக்குப் பக்கத்தில் தண்ணீரிலேயே பி.சி.டி.யைக் கழற்றினால், அது உங்கள் துணையில்லாமல் தானாக மிதக்க வேண்டும். நிரம்பிய சிலிண்டர் முக்கால், ரெகுலேட்டர் ஒன்று, ஈயம் முழுவதும் அதன் பைகளிலேயே இருந்தால் ஐந்து. ஏழு கிலோவுக்குப் பக்கம் வருகிறது.

இரண்டில் பெரியதை எடுத்துக் கொஞ்சம் தாராளமாக விட்டால் 12 முதல் 14 கிலோ. வெப்பக்கடல்களில் ஒற்றைச் சிலிண்டரோடு டைவ் செய்கிறவருக்கு அது போதும். பிரிட்டன், நார்வே, கனடா போன்ற குளிர்நீரில் ஏழு மில்லிமீட்டர் சூட்டோடும் கனமான இரும்புச் சிலிண்டரோடும் இறங்குகிறவர்களுக்குச் சூட்டின் இழப்பும் ஈயமும் மிக அதிகம். 18, 20 கிலோ என்று போக வேண்டிவரும். யாழ்ப்பாணத்து உறவினர் ஒஸ்லோவில் வாங்கியதையே நாமும் வாங்க வேண்டியதில்லை, அவர் நம்முடையதை வாங்கவும் கூடாது.

பெரிதாக வாங்கினால் என்ன கெட்டுவிடும்? காலிப்பை துணிபோல ஆடித் தண்ணீரை இழுக்கும். பாதி நிறைந்த பெரிய பைக்குள் காற்று அங்குமிங்கும் ஓடி உங்களைச் சாய்க்கும். முதுகுப்பை வகையில் அகலம் அதிகமானால், இரண்டு பக்கமும் சிலிண்டரைச் சுற்றி மடிந்துகொண்டு, மடிப்புக்குள் சிக்கிய காற்று வெளியே வர மறுக்கும். எல்லாவற்றுக்கும் மேல், பொத்தான் சிக்கிக் காற்று புகுந்துகொண்டே இருந்தால் பெரிய பை உங்களை அதிக வேகத்தில் மேலே தூக்கும்.

மூன்றாவது வேலை: எந்த வகை

ஜாக்கெட் வகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பயிற்சி வகுப்பில் மாட்டிவிடுவது அதுதான். காற்று முதுகிலும் விலாவிலும் சுற்றி நிற்கும். மேற்பரப்பில் நாற்காலியில் உட்கார்ந்தது போல நிமிர்த்தி வைக்கும், புதியவருக்கு அது பெரிய தைரியம். அதே குணம் தண்ணீருக்கடியில் குறையாகிறது. விலாப்பக்கக் காற்று உடம்பை நிமிர்த்தப் பார்க்கும். முழுக்க ஊதினால் நெஞ்சை அழுத்தி மூச்சை முட்ட வைக்கும் ஜாக்கெட்டுகளும் உண்டு.

முதுகில் மட்டும் காற்று நிற்கும் வகை, உடம்பைப் படுக்கை நிலைக்குக் கொண்டுபோகும். நெஞ்சு திறந்திருக்கும். மேற்பரப்பில் முகம் முன்னால் குப்புறத் தள்ளும் என்று ஒரு புகார் உண்டு. பாதி உண்மை. மிதக்கத் தேவையானதைவிட அதிகமாக ஊதினால்தான் அப்படித் தள்ளும். அளவாக ஊதிக் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டால் சாய்வுநாற்காலிதான். ஈயத்தில் ஒரு பகுதியைச் சிலிண்டர் பட்டையில் உள்ள சிறு பைகளுக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, பேக்பிளேட்டும் விங்கும். முதுகில் ஒரு உலோகத் தகடு, அதில் கோத்த ஒரே நீள வார், தகடுக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றுப்பை. அமெரிக்காவின் ஃபுளோரிடா நீர்க்குகைகளில் இறங்கியவர்கள் வளர்த்தெடுத்த வடிவம் இது. அந்தக் குகைக்காரர்களில் ஒருவரான வில்லியம் ஹோகார்த் மெய்னின் நடுப்பெயரால் 'ஹோகார்த்தியன்' என்று ஒரு கட்டுமுறையே இருக்கிறது. தேவையில்லாத எதையும் மாட்டாதே என்பது அதன் சாரம். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், மெத்தை இல்லை, பை இல்லை. ஆனால் உங்கள் தோளுக்கு ஒரு முறை வாரை அளந்து கட்டிவிட்டால் அதற்குப் பிறகு எல், எம் என்ற பேச்சே இல்லை. உடம்பு இளைத்தாலும் பருத்தாலும் வாரை நகர்த்தினால் போதும். இரும்புத் தகடு இரண்டரை முதல் மூன்று கிலோ. இடுப்பில் கட்ட வேண்டிய ஈயத்தில் பாதி, நுரையீரலுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். கால் தொங்குவது குறையும். அலுமினியத் தகடு இதைவிட மிக லேசு, விமானத்துக்கு ஏற்றது.

நான் எதைச் சொல்வேன்? வருடத்துக்கு ஒரு தடவை, நான்கு நாள் விடுமுறையில் நாலைந்து டைவ் என்றால் எதையும் வாங்காதீர்கள். வாடகையே லாபம், அந்தப் பணத்தில் நன்றாகப் பொருந்தும் முகக்கண்ணாடியும் டைவ் கணினியும் வாங்குங்கள். ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கணினி கணக்கிட்டுக் கையோடு கொண்டுவரும், பி.சி.டி. அப்படி எதுவும் செய்யாது. வருடத்துக்கு இருபதைத் தாண்டினால் சொந்தமாக வாங்குவதில் அர்த்தம் உண்டு. அப்போது என் வாக்கு விங் வகைக்கு. ஜாக்கெட்டில் நிம்மதியாக நூறு டைவ் முடித்தவர்களையும் எனக்குத் தெரியும், அவர்களோடு சண்டை போட மாட்டேன்.

"ஒருநாள் ஹெர்மிஸ் பார்க்கணும், அதுக்கும் சேர்த்து இப்பவே பெருசா வாங்கிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அங்கே போக வேறு பயிற்சி, பொதுவாக இரட்டைச் சிலிண்டர், அதற்கேற்ற பெரிய விங் எல்லாம் வேண்டும். அந்த நாள் வரும்போது தகடையும் வாரையும் அப்படியே வைத்துக்கொண்டு விங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவைச் சுற்றி வரப்போகிறவருக்கு இன்றைய பை போதும்.

நான்காவது வேலை: மாட்டிப் பார்ப்பது

கடையில் டி-சட்டைமேல் மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பதால் பயனில்லை. உங்கள் சூட்டைக் கையோடு கொண்டுபோய் அதன்மேல் மாட்டுங்கள். வார்களை இறுக்கிவிட்டு முழுக்க ஊதச் சொல்லுங்கள், வால்வு சீறும்வரை. இப்போது ஆழமாக மூச்சு இழுங்கள். விலா தடுத்தால் அந்த அளவோ அந்த வடிவமோ உங்களுக்கு ஆகாது. அடுத்து, இன்னொருவர் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து நேராக மேலே தூக்கட்டும். சட்டை காதைத் தொடும் அளவு ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும். ஆள் கீழே தொங்குவார், சட்டை மேலே மிதக்கும். என் லார்ஜ் ஜாக்கெட் செய்தது சரியாக இதைத்தான். காற்றை எல்லாம் விட்டபின்னும் வார்களை இறுக்க இன்னும் இடம் மீதம் இருக்க வேண்டும்.

கையைப் பின்னால் வளைத்துச் சிலிண்டர் வால்வைத் தொட முடிகிறதா, இடுப்புக் கொக்கியை ஒரே கையால் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

பெண்களுக்கென்று வெட்டிய சட்டைகளில் முதுகு நீளம் குறைவாகவும், தோள்வார் மார்பைச் சுற்றி வெளிப்பக்கமாக வளைந்தும் இருக்கும். நிறம் மட்டும் மாற்றி 'லேடீஸ் மாடல்' என்று விற்பதும் நடக்கிறது. வாரின் வளைவைப் பாருங்கள், நிறத்தை அல்ல. உயரம் குறைவான ஆண்களுக்கும் அந்த வெட்டு சில நேரம் அழகாகப் பொருந்தும். கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாவது: வால்வு, பொத்தான், ஈயப்பை

இன்ஃபிளேட்டரில் இரண்டு பொத்தான். ஒன்று காற்றை உள்ளே விடும், இன்னொன்று வெளியே. தடித்த கையுறையோடும் கண்ணை மூடிக்கொண்டும் எது எது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே வடிவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். குழாயைத் துண்டிக்கும் இணைப்பைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். உப்புப் படிந்து பொத்தான் சிக்கிக் காற்று தானாகப் புகத் தொடங்கினால், அந்த இணைப்பை உடனே கழற்றுவதுதான் காப்பாற்றும். அது இரண்டு விநாடியில் கழல வேண்டும்.

வெளியேற்றும் வால்வு குறைந்தது இரண்டு இடத்தில் வேண்டும். மேலே தோளில் அல்லது குழாயின் அடியில் ஒன்று, கீழே இடுப்புக்குப் பின்னால் ஒன்று. காற்று எப்போதும் உயரமான இடத்துக்குப் போகும். நிமிர்ந்திருந்தால் தோள் வால்வு, தலைகீழாக நீந்தினால் இடுப்பு வால்வு. கீழ் வால்வின் கயிற்று முனையில் உள்ள குமிழ் கைக்குத் தேடாமல் கிடைக்கிறதா என்பது ஐந்து விலையுயர்ந்த சட்டைப்பைகளைவிட முக்கியம்.

ஈயத்தைச் சட்டையிலேயே வைக்கும் பைகள் வசதிதான், இடுப்பு வலி குறையும். ஆபத்தில் ஒரே இழுப்பில் விழ வேண்டும். மற்ற நேரத்தில் தானாக விழக்கூடாது. இந்த இரண்டாவது பாதியை விற்பவர்கள் சொல்வதில்லை. ஆழத்தில் ஒரு பக்கப் பை நழுவினால் மூன்று கிலோ ஒரே நொடியில் போகும், உங்களைப் பிடித்து நிறுத்துவது மிகக் கடினம். 'கிளிக்' சத்தத்தோடு பூட்டும் பையை வாங்குங்கள். வெல்க்ரோ மட்டும் இருப்பதை வாங்காதீர்கள், மணலும் உப்பும் ஏறினால் அதன் பிடி போய்விடும்.

வளையங்கள் எத்தனை இருந்தாலும் நீங்கள் பயன்படுத்தப்போவது மூன்றோ நான்கோ. நிறம் பற்றி ஒரே வரி: கறுப்பு எல்லோரிடமும் இருக்கிறது, மங்கலான வங்கக் கடலில் கூட வருபவர் உங்களை அடையாளம் காண ஏதாவது ஒரு பளிச்சென்ற பட்டை உதவும்.

விமானமும் பழைய பொருளும்

உள்நாட்டு விமானங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்டி எடை 15 கிலோ. சாதாரண ஜாக்கெட் மூன்றரை, நான்கு கிலோ சாப்பிட்டுவிடும். ரெகுலேட்டரும் ஃபின்னும் சேர்ந்தால் துணிமணிக்கு இடமில்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகிறவர்கள் இரண்டு, இரண்டரை கிலோவில் வரும் பயண வகையைப் பார்க்கலாம். கெட்டித் தகடு இருக்காது, சுருட்டி வைக்கலாம். துணி மெல்லியது என்பதால் சிப்பி ஒட்டிய பாறையிலும் துருப்பிடித்த கப்பல் ஓரத்திலும் கவனம் தேவை. இரும்புத் தகடு வாங்கிவிட்டு, தகடுக்குக் கூடுதல் கட்டணம் கட்டி, போன இடத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஈயத்தைக் கட்டாமல் விடுவது நல்ல வியாபாரம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியையும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

பழையது வாங்கலாம், தப்பில்லை. நான் செய்த தப்பு அளவு பார்க்காததுதான். கெட்டியாக ஊதி ஓர் இரவு வைக்கச் சொல்லுங்கள், காலையில் தொய்ந்திருந்தால் எங்கோ ஓட்டை. ஊதிய பையைக் காதருகில் வைத்துக் குலுக்குங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் உள்ளே உப்புப் படிகம், முந்தையவர் ஒருநாளும் உள்பக்கம் கழுவவில்லை. குழாய் வழியே முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை தெரியும். தையலோரம் வெளுத்திருந்தால் வெயிலில் காய்ந்த சரக்கு. இன்ஃபிளேட்டரைப் புதிதாக மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

வாங்கிய பிறகு

புதுச் சட்டையோடு நேரே 18 மீட்டருக்குப் போகாதீர்கள். குளத்திலோ ஆழமில்லாத கடலிலோ ஓர் அரைநாள் செலவிடுங்கள். சிலிண்டர் பட்டையை முதலில் நனைத்துவிட்டு இறுக்க வேண்டும். காய்ந்த வார் தண்ணீரில் தளரும், நடுவழியில் சிலிண்டர் நழுவும். சிலிண்டரை ஒரு சாண் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் உங்கள் படுக்கை நிலை மாறும். கால் தொங்கினால் சிலிண்டரைத் தலைப்பக்கம் ஏற்றுங்கள், வால்வு பின்மண்டையில் இடிக்காத அளவுக்கு. பிறகு எடைச் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். மெத்தை வைத்த ஜாக்கெட்டிலிருந்து தகடுக்கு மாறினால் ஈயம் மூன்று நான்கு கிலோ குறையலாம்.

பொத்தானைக் குட்டிக் குட்டியாகத் தட்டுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு இரண்டு மூச்சு காத்திருங்கள். பையின் பதில் தாமதமாக வரும். நுண்ணிய சரிசெய்தலை நுரையீரலுக்கு விட்டுவிடுங்கள்: ஓரளவு நிறைய இழுத்த மூச்சு ஒரு கிலோ ஈயத்தைக் கழற்றியதற்குச் சமம். மூச்சை அடக்கி வைக்க மட்டும் கூடாது. மேலே வருவது காலால், பி.சி.டி. மாடி ஏற்றும் லிஃப்ட் அல்ல. நிமிடத்துக்கு 9 மீட்டருக்குமேல் போகாமல், வழியெல்லாம் காற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும்.

டைவ் முடிந்த அன்றே, மறுநாள் என்று தள்ளாமல், குழாய் வழியே நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றி, கொஞ்சம் ஊதிக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடித்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை. பொத்தான்களைத் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். பாதி ஊதிய நிலையில் நிழலில் தொங்கவிட வேண்டும், காலியாக மடித்து வைத்தால் உள்சுவர்கள் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் வீட்டு பால்கனியில் அப்படித் தொங்குவதைப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன், பிள்ளைகளோடு படகுச் சவாரிக்குப் போகிறோம், அந்த லைஃப் ஜாக்கெட்டை இரண்டு நாளைக்குக் கொடு என்றார். கொடுக்கவில்லை. உயிர்காப்புச் சட்டை மயங்கிய ஆளின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பி வைக்கும். பி.சி.டி.க்கு அந்த வேலை கிடையாது, குப்புறவும் விட்டுவிடும். ஐரோப்பியத் தரவிதி 1809-இன்படி வரும் சட்டைகளில் இது உயிர்காப்புச் சட்டை அல்ல என்ற எச்சரிக்கை இருக்கும். அண்ணனைக் கூட்டிவந்து அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். "அப்ப எதுக்குடா இவ்வளவு காசு குடுத்து வாங்குனே?" என்றார்.